அமீருக்கு அழைப்பாணை அனுப்பிய காழி ஷரீக் (ரஹ்)

கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது என்று தெரிந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான். அமீனா வாசலில் நிற்க, ஆள் ஊரில் இல்லையென்று பச்சைப் பிள்ளைகளை விட்டுச் சொல்லச் செய்கிறோம். ஜமாஅத்திலிருந்து அழைப்பு வந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை. பெருநாள் கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தவணை சொல்லியே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு. போகாமலிருப்பது ஒரு சாமர்த்தியமென்றே கருதப்படுகிறது. அது ஒரு குற்றம், வழக்கிலுள்ள குற்றத்துக்குப் புறம்பான தனிக் குற்றம் என்று எண்ணுகிறவர்கள் மிகவும் குறைவு.

திருமறையின் ஸூரத்துந் நூரில் 48 முதல் 51 வரையுள்ள ஆயத்துகள் இந்த விஷயத்தையே பேசுகின்றன. தங்களுக்கிடையில் தீர்ப்புச் செய்வதற்காக அல்லாஹ்வின்பாலும் அவனுடைய ரஸூலின்பாலும் அழைக்கப்படும்போது ஒரு கூட்டத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், நியாயம் தங்கள் பக்கமிருந்தால் மட்டும் பணிந்து விரைந்து வருவதையும் அல்லாஹு தஆலா அங்கே வன்மையாகக் கண்டிக்கின்றான். அழைப்பைக் கேட்டதும் இணங்கி வருவதையே ஈமான் கொண்டோரின் அடையாளமாக வைக்கின்றான். இந்த ஆயத்துகளை ஓதும்போது நம் நினைவுக்கு வருகிறவர்கள், கூபா நகரின் காழியாக விளங்கிய ஷரீக் இப்னு அப்துல்லாஹ் அந்நகஈ (ரஹ்) அவர்கள். ஹதீஸ் கிதாபுகளின் ஸனதுகளில் அவர்களுடைய பெயரைப் பலமுறை காண்கிறோம். ஆனால் அவர்களுடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் நம் வீடுகளில் அதிகமில்லை.

ஷரீக் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 95-ல், அதாவது கி.பி. 713-714 அளவில், குராஸான் பகுதியைச் சேர்ந்த புகாராவில் பிறந்தார்கள். குலத்தால் யமன் நாட்டு நகஉ கோத்திரத்தவர்கள். அவர்களுடைய பாட்டனார் காதிஸிய்யாப் போரில் கலந்துகொண்டவர். சிறு வயதிலேயே உறவினர் ஒருவர் அவர்களை இராக்குக்கு அழைத்து வந்து, ஸர்ஸர் ஆற்றங்கரையில் வசித்த மற்றொரு உறவினரிடம் விட்டுச் சென்றார். அங்கே ஓர் உஸ்தாதிடம் குர்ஆன் ஓதக் கேட்டு, அதன் மீது பற்றுக் கொண்டு, பிறகு கூபாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கூபாவில் கையில் காசில்லை. பச்சைச் செங்கல் அறுத்து விற்று, அந்தக் கூலியில் ஏடுகள் வாங்கி, அவற்றில் ஹதீஸ்களை எழுதிக்கொண்டார்கள். பகலில் களிமண் பிசைந்த அதே கைதான் ஹதீஸை எழுதியது. தமக்கு ஒழுக்கம் கற்பித்தது யார் என்று பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது, தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டதாக அவர்கள் பதிலளித்து, இந்தச் செங்கல் கதையையும் சொன்னார்களாம். பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தும் படிக்கவில்லையென்று குறைப்படும் பெற்றோர் இதை அவர்களுக்குச் சொல்லிக் காட்டலாம்.

அபூஇஸ்ஹாக் அஸ்ஸபீஈ (ரஹ்) போன்ற பெரியார்களிடம் ஹதீஸ் கேட்டு அவர்கள் உயர்ந்தார்கள். கூபாவாசிகளின் ஹதீஸ்களை அறிவதில் ஸுப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்களைவிடவும் மேலானவர் என்று அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள் என்றால் வேறு சான்று எதற்கு?

அப்பாஸியக் கலீபாக்கள் அக்காலத்தில் உலமாக்களைத் தேடிப் பிடித்துக் காழிகளாக்கிக் கொண்டிருந்தார்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் மறுத்துத் துன்பமடைந்ததை நாம் அறிவோம். ஸுப்யான் (ரஹ்) அவர்கள் ஓடி ஒளிந்தார்கள். ஷரீக் (ரஹ்) அவர்களும் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். கலீபா மன்ஸூர் விடவில்லை. வாஸித் நகரிலும் பின்னர் கூபாவிலும் அந்தச் சுமை அவர்கள் தோளில் ஏற்றப்பட்டது. ஏற்றுக்கொண்டது சரியா என்று அவர்களுடைய காலத்திலேயே குறை சொன்னவர்கள் இருந்தார்கள். மறுத்தவர்களின் பேணுதல் மேலானது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் எல்லோருமே மறுத்துவிட்டால் ஏழையின் வழக்கை யார் கேட்பது என்பதும் ஒரு கேள்விதானே?

வழக்குகளைக் கேட்க உட்காருமுன் அவர்கள் இரண்டு ரக்அத் தொழுவார்கள். பிறகு ஒரு சிறு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அதன் பின்னரே வாதி பிரதிவாதிகளை அழைப்பார்கள். அதில் என்னதான் இருக்கிறதென்று உடனிருந்தவர்களுக்கு ஆவல். ஒரு நாள் அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஸிராத்துப் பாலத்தின் கூர்மையையும், அல்லாஹ்வின் முன் நிற்கவிருப்பதையும் நினைத்துக்கொள்ளும்படி தம் பெயரைச் சொல்லித் தமக்கே எழுதி வைத்திருந்தார்கள்! ஊரையெல்லாம் தம் முன்னால் அழைத்து நிறுத்துகிறவர், தாமும் ஒரு நாள் அழைக்கப்பட இருப்பதை அன்றாடம் வாசித்துக்கொண்டிருந்தார்.

இனி, அவர்களுடைய பெயரை நிலைநிறுத்திய அந்த வழக்குக்கு வருவோம். கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள் தங்கள் தாரீகில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஷரீக் (ரஹ்) அவர்களின் மஜ்லிஸுக்கு ஒரு பெண்மணி வந்தார். ஸஹாபியான ஜரீர் இப்னு அப்துல்லாஹ் அல்பஜலீ (ரலி) அவர்களின் சந்ததியில் வந்தவர். தமக்கு அநீதி இழைத்தவர் கூபாவின் அமீரான மூஸா இப்னு ஈஸா என்றார். இந்த அமீர் அப்பாஸியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கலீபாவுக்கு நெருங்கிய உறவினர். பெண்மணியின் முறையீடு இது: யூப்ரடீஸ் நதிக்கரையில் பேரீச்ச மரங்கள் நிறைந்த ஒரு தோட்டம் அவருக்குத் தகப்பனார் வழியில் வந்தது. சகோதரர்களோடு பாகம் பிரித்துக்கொண்டு, நடுவில் சுவர் எழுப்பி, மரங்களைப் பராமரிக்க ஒரு பாரசீகரை அங்கே குடியமர்த்தியிருந்தார். அமீர் சகோதரர்கள் எல்லோருடைய பாகங்களையும் விலைக்கு வாங்கிவிட்டு, இவருடைய பாகத்தையும் கேட்டார், ஆசை காட்டினார். இவர் விற்கச் சம்மதிக்கவில்லை. அன்றிரவு ஐந்நூறு கூலியாட்களை அனுப்பிச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டார் அமீர். எது தம் மரம், எது சகோதரர்களின் மரம் என்று இப்போது அடையாளமே தெரியவில்லை.

ஷரீக் (ரஹ்) அவர்கள் பணியாளிடம் களிமண் கொண்டுவரச் சொல்லி, அதில் தங்கள் முத்திரையைப் பதித்துப் பெண்மணியின் கையில் கொடுத்தார்கள். அமீரின் வாசலுக்கு எடுத்துச் சென்று, அவரையும் உடன் அழைத்து வரும்படி சொன்னார்கள்.

இந்தக் களிமண் முத்திரைதான் அக்காலத்துச் சம்மன். நம் ஷாபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில்கூட, ஊருக்குள் இருக்கும் பிரதிவாதியைக் காழி ஈரக் களிமண் முத்திரை கொடுத்தோ, அதற்கென நியமிக்கப்பட்ட சேவகனை அனுப்பியோ வரவழைக்க வேண்டுமென்று கூறப்பட்டுள்ளது. தக்க காரணமின்றி அவன் வர மறுத்தால் அரசின் ஆட்களைக் கொண்டு பிடித்து வரச் செய்து, மறுத்ததற்காகத் தண்டிக்கவும் வேண்டும். வழக்கில் அவன் ஜெயிப்பானா தோற்பானா என்பது இதில் பார்க்கப்படுவதில்லை. நோயாளியாக இருந்தால் வக்கீலை அனுப்பலாம். வெளியில் வந்து பழக்கமில்லாத, திரைமறைவிலிருக்கும் பெண்ணை மஜ்லிஸுக்கு இழுக்கக்கூடாது. சட்டத்தில் இரக்கமும் இருக்கிறது; ஆனால் அது சாக்குப்போக்குச் சொல்கிறவனுக்கு அல்ல.

முத்திரையைக் கண்ட அமீர் மூஸாவுக்குக் கோபம் பொங்கியது. காவல் தலைவரைக் கூப்பிட்டு, ஒரு பெண் ஏதோ பொய்யாக முறையிட்டதற்காகத் தமக்கே அழைப்பாணை அனுப்புவதா என்று காழியிடம் போய்க் கேட்கச் சொன்னார். காவல் தலைவர் தம்மை இந்த வேலையிலிருந்து விட்டுவிடும்படி கெஞ்சினார். அமீர் கேட்கவில்லை. காவல் தலைவர் ஷரீக் (ரஹ்) அவர்களை நன்கு அறிந்தவர். ஆகவே புறப்படுமுன் படுக்கை முதலிய சாமான்களைச் சிறைச்சாலைக்கு அனுப்பி வைத்துவிட்டார்! அவர் எண்ணியது சரியாகவே இருந்தது. செய்தியைச் சொல்லி முடித்ததும், அவரைச் சிறையிலடைக்கும்படி காழியிடமிருந்து உத்தரவு பிறந்தது. இப்படித்தான் நடக்குமென்று தெரிந்து தேவையானதை முன்பே அனுப்பிவிட்டதாக அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அமீர் தம் ஹாஜிபை அனுப்பினார். தூது சொல்ல வந்தவர்மீது என்ன குற்றம் என்பது கேள்வி. ஹாஜிபும் காவல் தலைவரோடு போய்ச் சேர்ந்தார். அஸருக்குப் பின், இஸ்ஹாக் இப்னுஸ் ஸப்பாஹ் அல்அஷ்அஸீ உட்பட ஊரின் பெரிய மனிதர்கள் வந்தார்கள். இவர்கள் ஷரீக் (ரஹ்) அவர்களின் நண்பர்களும்கூட. அமீர் சாதாரண மனிதர்களைப் போன்றவரல்லர் என்று அவர்கள் எடுத்துச் சொல்ல, ஷரீக் (ரஹ்) அவர்கள் தெருவிலிருந்த இளைஞர்களை அழைத்து, ஆளுக்கொருவராகக் கையைப் பிடித்து இவர்களையும் சிறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இது விளையாட்டில்லையே என்று நண்பர்கள் திகைத்தார்கள். அநீதி செய்தவரின் செய்தியைச் சுமந்துகொண்டு இன்னொரு முறை வராதிருப்பதற்காகவே இப்படிச் செய்வதாக அவர்களுக்குப் பதில் கிடைத்தது.

தூதர்களைச் சிறையிலடைத்தது கடுமையில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். காவல் தலைவர் விஷயத்தில் நம் மனமும் சற்று இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தோட்டத்தை இழந்த பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவரை ஏமாற்றியவருக்காகப் பேசுவதற்கு மட்டும் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். நம் ஊர்களிலும் தங்கைக்குச் சொத்தில் பாகம் கொடுக்காத அண்ணனுக்காகவும், மஹரைக் கொடுக்காமல் மனைவியைத் தள்ளி வைத்தவனுக்காகவும் இப்படிப் பேச வருகிற பெரிய மனிதர்களை நாம் பார்க்காமலில்லை. அவன் வராமலிருப்பதற்கு இவர்கள்தான் தைரியம்.

இன்னொரு காரணமும் உண்டு. கூபாவின் பிக்ஹு வழியில் வந்த நம் ஹனபீ இமாம்களிடம், பிரதிவாதி இல்லாத இடத்தில் அவன்மீது தீர்ப்புச் சொல்லக் கூடாதென்பது அடிப்படை. அவன் தரப்பைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது? ஆனால் இந்த நியாயமான விதியையே அநியாயக்காரன் கேடயமாக்கிக்கொள்ள முடியும். வீட்டைவிட்டு நகராதிருந்தால் வழக்கே நடக்காதல்லவா? ஆகவேதான் வராதவனை வரவைப்பதில் அவர்கள் இவ்வளவு அக்கறை காட்டினார்கள். ஒளிந்துகொண்டவனுடைய வாசலில் இரண்டு சாட்சிகளோடு ஆளனுப்பி, மூன்று நாட்கள், நாளைக்கு மூன்று முறை அறிவிப்புச் செய்து, அதற்கும் வராவிட்டால் அவன் சார்பில் காழியே ஒரு வக்கீலை நிறுத்தி வழக்கைக் கேட்கலாமென்று இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் சொன்னதை, ஹிஜ்ரி 261-ல் வபாத்தான கஸ்ஸாப் (ரஹ்) அவர்கள் தங்கள் அதபுல் காழியில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபிலோ, ஒளிகிறவன்மீதும் அடங்காமல் மறுக்கிறவன்மீதும் சாட்சிகளைக் கொண்டே தீர்ப்புச் செய்துவிடலாம். இன்று நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டப்படி, சம்மனை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவதும், வராதவனை எக்ஸ்பார்ட்டியாக்கித் தீர்ப்பளிப்பதும் நடக்கின்றன. அப்படி ஆன தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்பதற்குப் பொதுவாக 30 நாட்களே தவணை. அதற்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பலர் இதை அறிவதேயில்லை.

அமீரின் கதைக்குத் திரும்புவோம். அன்றிரவு மூஸா தாமே குதிரையேறிச் சிறைச்சாலைக்குப் போய், கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே விட்டுவிட்டார். காலையில் சிறை அதிகாரி வந்து இதைத் தெரிவித்தபோது ஷரீக் (ரஹ்) அவர்கள் சத்தமிடவில்லை. வழக்குப் பத்திரங்கள் இருந்த பெட்டியை வரவழைத்து, அதை முத்திரையிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கள் மூட்டை முடிச்சுகளை பக்தாதுக்குக் கொண்டுவரும்படி பணியாளிடம் சொன்னார்கள். இந்தப் பதவியைத் தாம் தேடிப் போகவில்லை, அவர்கள்தாம் வற்புறுத்திச் சுமத்தினார்கள், அதன் கண்ணியத்தைக் காப்பதாகப் பொறுப்பும் ஏற்றார்கள் என்று கூறிவிட்டுக் கூபாவின் பாலத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்கள்.

செய்தி அறிந்த அமீர் பரிவாரத்தோடு பின்தொடர்ந்து ஓடி வந்தார். நண்பர்களையே சிறையிலடைக்கலாமா என்று கெஞ்சினார். போகக்கூடாத காரியத்துக்கு அவர்கள் நடந்ததால்தான் அடைத்ததாகவும், எல்லோரும் மீண்டும் சிறைக்குள் போகாதவரை தாம் திரும்பப் போவதில்லையென்றும், கலீபாவிடம் சென்று பதவியை ஒப்படைத்துவிடப் போவதாகவும் ஷரீக் (ரஹ்) அவர்கள் கூறிவிட்டார்கள். அமீருக்கு வேறு வழியில்லை. விடுதலையானவர்கள் எல்லோரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். அவர்கள் உள்ளே சேர்ந்துவிட்டதாகச் சிறை அதிகாரி வந்து சொல்லும்வரை காழி அதே இடத்தில் நின்றார்கள். பிறகு அமீரின் வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்து, தமக்கு முன்னால் மஜ்லிஸுக்கு நடத்திப் போகுமாறு தம் சேவகர்களுக்கு உத்தரவிட்டார்கள். கூபாவின் வீதிகளில் அன்று அந்தக் காட்சியைக் கண்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிவாசலில் மஜ்லிஸ் கூடியது. பெண்மணி அழைக்கப்பட்டு, அவருடைய பிரதிவாதி வந்திருப்பது தெரிவிக்கப்பட்டது. தாம் ஆஜராகிவிட்டதால் சிறையிலிருப்பவர்களை விடுவிக்கலாமே என்றார் மூஸா. இப்போது சரியென்று உடனே விடுதலை உத்தரவு தரப்பட்டது. அடைத்தது அமீர் வராததற்காக. அவர் வந்ததும் காரணம் தீர்ந்தது. அதற்குமேல் ஒரு கணம்கூட அவர்களை வைத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, இப்பெண்ணின் முறையீட்டுக்கு என்ன பதில் என்று காழி கேட்டார்கள். அவர் சொல்வது உண்மையே என்று அமீர் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார்! சாட்சி தேவைப்படவில்லை, சத்தியம் தேவைப்படவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் காவல் தலைவரையும் ஹாஜிபையும் ஊர்ப் பெரியவர்களையும் சிறைக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் அவரிடம் சொல்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. எதிரே அந்தப் பெண் நின்றால் பொய் சொல்ல நா எழாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வராமலிருந்ததன் இரகசியம் அதுதானோ என்று நாம் எண்ணுகிறோம்.

எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, சுவரை முன்பிருந்தபடி உடனே கட்டித்தர வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. அமீர் சம்மதித்தார். வேறேதும் பாக்கியுண்டா என்று பெண்மணியிடம் கேட்கப்பட்டது. பாரசீகரின் வீட்டையும் அதிலிருந்த சாமான்களையும் அவர் நினைவூட்டினார். ஒரு கூலிக்காரரின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் அங்கே நியாயம் கிடைத்தது. பெண்மணி துஆச் செய்துவிட்டுப் போனார்.

அதன்பின் நடந்ததுதான் நம்மை மிகவும் கவர்கிறது. ஷரீக் (ரஹ்) அவர்கள் எழுந்து அமீரின் கையைப் பிடித்து, தம்முடைய இடத்திலேயே அவரை அமர வைத்து, ஸலாம் கூறி, அமீர் ஏதாவது உத்தரவிடுகிறீர்களா என்று மரியாதையோடு கேட்டார்கள். இனி என்ன உத்தரவிடுவதென்று மூஸா சிரித்துவிட்டார். சற்று முன் செய்தது ஷரீஅத்தின் ஹக்கு, இப்போது செய்வது அதபின் ஹக்கு என்று காழி விளக்கினார்கள். அமீரும் அல்லாஹ்வின் கட்டளையைக் கண்ணியப்படுத்துகிறவனுக்குப் பெரியவர்களும் பணிந்தே தீருவார்கள் என்று ஒப்புக்கொண்டவராக எழுந்து போனார்.

இல்மின் விஷயத்திலும் அவர்கள் இப்படித்தான். கலீபா மஹ்தீயின் மகன் ஒருவர் வந்து, சுவரில் சாய்ந்துகொண்டே ஹதீஸ் கேட்டபோது அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கலீபாக்களின் பிள்ளைகளை அலட்சியம் செய்வதா என்று இளவரசர் வருந்த, இல்மை வீணாக்க முடியாதென்று பதில் வந்தது. இளவரசர் மண்டியிட்டு அமர்ந்த பிறகே பாடம் நடந்தது.

பதவி அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. கூபாவின் காழியான பிறகு அவர்களுடைய மனன சக்தி மாறிவிட்டதாகவும், அறிவிப்புகளில் தவறுகள் மிகுந்ததாகவும் இப்னு ஹஜர் (ரஹ்) போன்ற ஹதீஸ் கலை வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் வாஸிதில் அவர்களிடம் கேட்டவர்களின் அறிவிப்புகளே உறுதியானவை என்று பிரித்தும் காட்டுகிறார்கள். அதே வல்லுநர்கள்தாம் அவர்களை நீதியாளர், சிறப்புடையவர், வணக்கசாலி என்றும் சேர்த்தே எழுதினார்கள். செங்கல் அறுத்துச் சேர்த்த அந்த இல்மின் ஒரு பகுதி, அந்தப் பெண்மணியின் சுவரைப் போன்ற பலருடைய சுவர்களைக் கட்டித் தருவதில் செலவாயிற்று என்றே நாம் கொள்கிறோம்.

கலீபா மூஸா அல்ஹாதீயின் காலத்தில் அவர்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 177, துல்கஃதா மாத ஆரம்பத்தில், கி.பி. 794-ல், ஒரு சனிக்கிழமை கூபாவில் வபாத்தானார்கள். அப்போது கலீபா ஹாரூன் அர்ரஷீத் அருகிலுள்ள ஹீராவில் தங்கியிருந்தார். ஜனாஸாத் தொழுகையில் கலந்துகொள்ளப் புறப்பட்டு வந்தார். அதற்குள் தொழுகை முடிந்துவிட்டதை அறிந்து பாலத்திலிருந்தே திரும்பிவிட்டார். அந்தத் தொழுகையை முன்னின்று நடத்தியவர், அன்று கூபாவின் அமீராக இருந்த மூஸா இப்னு ஈஸா.